பிரேக் இன்ஸ்பெக்டர்!

கோவில்பட்டி பக்கம் ஏதாவது ஒரு லாரிப் பட்டறைக்குள் போய், அங்கே நிற்கிற வண்டிகளைச் சும்மா சுற்றிப் பாருங்கள். ஒரு லாரிக்குத் தகரம் தட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றுக்கு பிரேக் லைனிங் மாறும். மூன்றாவதற்குப் புதுப் பெயின்ட். ‘தீபாவளிகூட வரலையே, எதுக்கு இந்த அலங்காரம்?’ என்று கேட்டால், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தையில் பதில் வரும்... ‘எஃப்.சி!’

லாரிக்காரருக்கு வருஷத்தில் வரும் பண்டிகைகளில் எஃப்.சி-யும் ஒன்று. மற்ற பண்டிகைகளில் மனசு குளிரும். இதில் வயிற்றைக் கலக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்!

எஃப்.சி. என்கிற ‘தகுதிச் சான்று’, ‘இந்த வண்டி ரோட்டில் ஓட லாயக்கானது’ என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், நீங்கள் ஏறுகிற பஸ், உங்கள் பிள்ளையை ஏற்றிப்போகும் ஸ்கூல் வேன், பின்னால் ஹாரன் அடித்தபடி வரும் தண்ணி லாரி... எல்லாவற்றிலும் நம் உயிர் அந்தக் காகிதத்தை நம்பித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட காகிதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்காதா என்ன?

மோட்டார் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

கரிசல் காட்டில் மழை பெய்தால் மண் களியாக மாறி, வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வெயில் காய்ந்தால் அதே மண், கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டுமே சக்கரத்துக்கும் அச்சுக்கும் எமன். ரயில் வருவதற்கு முன்னால் இந்தச் சீமையின் பருத்தி முழுக்க மாட்டு வண்டிகளில்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போனது. பொதியை ஏற்றிக்கொண்டு ராத்திரி பூராவும் பயணம். பாதி வழியில் அச்சு முறிந்தால், நடுக்காட்டில் கேட்க ஆளில்லை.

அதனால் வண்டி பூட்டும் முன் வண்டிக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரம் கழன்று விடாமல் அச்சு முனையில் செருகியிருக்கும் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் தடவுவார். ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்கிற பழமொழி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுதான் அந்தக் காலத்து எஃப்.சி! இன்ஸ்பெக்டரும் அவரே, ஓனரும் அவரே, வண்டி கவிழ்ந்தால் அடிபடப் போகிறவரும் அவரே. அப்புறம் எப்படி ஏமாற்ற முடியும்?

வண்டி ஒருத்தருடையது, ஓட்டுகிறவர் இன்னொருத்தர், உள்ளே உட்கார்ந்திருப்பது வேறு நாற்பது பேர் என்று ஆனபோதுதான் சிக்கல் வந்தது. மோட்டார் யுகம் கொண்டுவந்த சிக்கல் இது.

ஆரம்பத்தில் மோட்டாரைக் கண்டு அரசாங்கங்கள் மிரண்டுபோயின. 1865-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. தானாக ஓடும் வண்டி எதுவாக இருந்தாலும், அதற்கு முன்னால் அறுபது கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும்! ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்... அதுதான் உச்ச வேகம். அதாவது, ஏறக்குறைய நீங்களும் நானும் நடக்கிற வேகம்தான். 1896-ல்தான் இந்தக் கெடுபிடி தளர்ந்து, வேகம் 14 மைலுக்கு உயர்ந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் மாதம், லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவர்தான்.

அதற்குப் பிறகு மோட்டாரை யாராலும் நிறுத்த முடியவில்லை. 1903-ல் மதராஸில் சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன், நீராவியில் ஓடும் காரையே கட்டி ஓட்டிக் காட்டினார். 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலில் இறங்கினார். ‘டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கலாம்’ என்று தென் ஜில்லாக்களில் சொல்வார்கள். ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகள் டயரைப் பதம் பார்க்காமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்கூட்டியே ஓட்டி ஆணிகளைப் பொறுக்கியதாகவும் ஒரு கதை உண்டு.

எல்லா முதலாளிகளும் அப்படி இருந்தார்களா என்றால்... அதுதான் இல்லை! பல ஊர்களில் ஒற்றை வண்டியை வாங்கிப் போட்டு பஸ் ஓட்ட வந்தவர்கள் ஏராளம். டிக்கெட்டுக்குப் போட்டி, வேகத்தில் போட்டி, ஆள் அடைப்பதில் போட்டி. வண்டி வொர்க் ஷாப்புக்குப் போனால் அன்றைய வசூல் போச்சு. ஆகவே, ‘இன்னிக்கு ஓடட்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம்!’

அப்போது இதற்குச் சட்டம் இல்லையா? இருந்தது. 1914-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த மோட்டார் வாகனச் சட்டம். சின்னஞ்சிறு சட்டம். வண்டியைப் பதிவு செய், டிரைவர் லைசென்ஸ் வாங்கு, கண்மண் தெரியாமல் ஓட்டாதே... ஏறக்குறைய அவ்வளவுதான். கார் என்பது துரைமார்களும் ஜமீன்தார்களும் வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான் என்கிற நினைப்பில் எழுதப்பட்ட சட்டம் அது. பஸ்ஸும் லாரியும் ஜனங்களின் கால்களாகவே மாறிப்போகும் என்று 1914-ல் யார் கண்டது?

இந்த இடத்தில்தான் கதையில் ஒரு திருப்பம்.

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி போகும் ரயில் பாதை 1876-ல் திறக்கப்பட்டது. நெல்லைச் சீமைப் பருத்தி மாட்டு வண்டியிலிருந்து இறங்கி ரயிலேறியது. இன்றைக்கும் சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போகும்போது கவனித்துப் பாருங்கள். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போகும். அரை நூற்றாண்டுக் காலம் அந்த வழியில் ரயில்தான் ராஜா. 1920-களில் பக்கத்து ரோட்டில் பஸ் ஓட ஆரம்பித்ததும் ரயிலின் டிக்கெட் வருமானத்தில் ஓட்டை விழுந்தது. கை காட்டிய இடத்தில் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் யார் நடப்பார்கள்? இந்தியா முழுக்க இதே கூத்துதான்.

ரயில்வேயோ கோடிக்கணக்கான முதலைக் கொட்டிப் போட்டது. வெள்ளைக்கார சர்க்கார் பதறிப்போய், 1930-களில் கமிட்டிக்கு மேல் கமிட்டி போட்டு, ரயிலுக்கும் ரோட்டுக்குமான போட்டியை ஆராய்ந்தது. அந்தக் கவலையின் நடுவே பிறந்ததுதான் 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பழைய துக்கடாச் சட்டம் போய், 130-க்கும் மேற்பட்ட பிரிவுகளோடு ஒரு பெரிய சட்டம் வந்தது. எந்த வழியில் யார் ஓடலாம், எத்தனை பேரை ஏற்றலாம், எவ்வளவு பாரம்... எல்லாவற்றுக்கும் பெர்மிட்! அதில் 38-வது பிரிவு சொன்னது... வாடகைக்கு ஓடும் எந்த வண்டிக்கும் தகுதிச் சான்று கட்டாயம்.

ஆக, நம்மைக் காப்பாற்றும் எஃப்.சி. வந்த சட்டத்துக்குப் பின்னால் ஜனங்களின் உயிர் பற்றிய அக்கறை பாதி, ரயில்வேயின் கல்லாப்பெட்டி பற்றிய கவலை மீதி! சரித்திரத்தில் நல்ல காரியங்கள் எப்போதும் நல்ல எண்ணத்தோடு மட்டுமே நடப்பதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். பிரிட்டன் தன் சொந்த நாட்டில் பஸ்களுக்குத் தகுதிச் சான்றை 1930-களிலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால், பழைய கார்களுக்குப் பரிசோதனை வந்தது 1960-ல். லாரிகளுக்கு வருடாந்தரப் பரிசோதனை வந்தது 1968-ல். 1939-லேயே லாரிக்கும் சேர்த்து எஃப்.சி. கேட்ட இந்தியச் சட்டம், அந்த விஷயத்தில் எஜமானர் வீட்டையே முந்திவிட்டது. காகிதத்தில் முந்துவதில் நாம் என்றைக்கும் சூரர்கள்தானே!

சட்டம் வந்தாயிற்று. வண்டியைப் பார்த்துச் சொல்ல ஆள்? அப்படி வந்தவர்தான் மோட்டார் வாகன ஆய்வாளர். இந்தப் பெயர் சர்க்கார் ஃபைலில் மட்டுமே இருக்கிறது. நம் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்.’ எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! இன்ஜினில் கோளாறு என்றால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். பிரேக்கில் கோளாறு என்றால் வண்டி நிற்காது! மோட்டார் வண்டியில் எது உயிர்நாடி என்று எந்த காலேஜிலும் படிக்காத ஜனங்கள் அந்த ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். முதலில் சேஸிஸ் நம்பர். தகட்டின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்த தாள் அவர் கையில் இருக்கும். ‘இந்த வண்டிதான் அந்த வண்டியா?’ என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு லைட், ஹாரன், வைப்பர், ஸ்டியரிங்கில் ஆட்டம், டயரில் பட்டன் இருக்கிறதா, பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியாச்சா... கடைசியில், ‘எடுத்து ஓட்டிப் பிரேக் அடிப்பா!’ மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது விதிப்புத்தகக் கணக்கு.

விதிப்புத்தகம் அப்படி. ஊர் நடப்பு? லாரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எஃப்.சி-க்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவது, காட்டி முடித்ததும் கழற்றிக் கொடுப்பது. பெயின்ட் அடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்கிற நம்பிக்கை. ‘வண்டி வர வேண்டாம், பேப்பர் வந்தால் போதும்’ என்கிற புரோக்கர்கள். ஊர் ஊருக்குப் பேர் மாறும், சங்கதி ஒன்றுதான்.

லாரிக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் ஒற்றை லாரி வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி பண்டலை வடநாட்டுக்கு ஏற்றிப்போய், திரும்பும்போது கிடைக்கிற லோடை ஏற்றி வருகிறவர். ஃபைனான்ஸ் தவணை மாசா மாசம் கழுத்தைப் பிடிக்கும். எஃப்.சி-க்கு என்று வண்டி பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் பூஜ்யம். தகரம், பெயின்ட், லைனிங், கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ் என்று எல்லாம் ஒரே மாசத்தில் வந்து விடியும். அவருக்கு எஃப்.சி. பாதுகாப்புச் சோதனையாகத் தெரியாமல் பாக்கிப் பட்டியலில் இன்னொரு வரியாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால், அந்தக் காகிதத்தைப் பொய்யாக வாங்கினால் விலை கொடுப்பது யார்?

2012-ம் ஆண்டு ஜூலை 25. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட பஸ். தளத்தில் ஒரு ஓட்டை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி அந்த ஓட்டை வழியே ரோட்டில் விழுந்தாள். பின் சக்கரம் ஏறி, அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. ஆத்திரமடைந்த ஜனங்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அப்புறம்தான் தெரிய வந்தது... அந்த பஸ் சற்று முன்னர்தான் எஃப்.சி. வாங்கியிருந்தது! ஒரு குழந்தை விழுகிற அளவு ஓட்டை. ‘ஓடத் தகுதியானது’ என்று காகிதம்.

தமிழ்நாடே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே வருஷம் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் பள்ளிகள் திறக்கும் முன், கோடை விடுமுறையில், பள்ளி பஸ்களை எல்லாம் ஒரு மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் கூட்டாகப் பார்க்கிறார்களே... அவசர வழிக் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஏறித் தளத்தைக் காலால் மிதித்துப் பார்க்கிறார்களே... பேப்பரில் போட்டோ பார்த்திருப்பீர்கள். அந்தக் காலடிக்குப் பின்னால் இருப்பது அந்தச் சின்னப் பெண்ணின் உயிர்.

கரிசல் சீமைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி ஊற்றும். ‘கம்பெனி வண்டி’ வந்து கிராமம் கிராமமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். அந்த வேனில் இடித்துப் பிடித்து உட்காரும் பெண்களில் யாராவது, ‘இந்த வண்டிக்குப் பிரேக் இருக்கா?’ என்று கேட்டு ஏற முடியுமா? அவர்கள் சார்பில் கேட்க வேண்டிய ஒரே ஆள், பிரேக் இன்ஸ்பெக்டர்.

சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1939 சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1988-ம் வருஷச் சட்டம். 1989 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. அதன் 56-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம், பதிவே ஆகாத வாகனமாகக் கருதப்படும்! அதாவது, நம்பர் பிளேட் இருக்கும், ஆர்.சி. புத்தகம் இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு வண்டி ரோட்டுக்கு வரவே உரிமையில்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் எஃப்.சி. தேதியைத்தான். ஒரு நாள் தாண்டியிருந்தாலும் நஷ்டஈடு கோர்ட் படியேறும்.

சரி, இப்போது நடைமுறை என்ன? புதுசாக வாங்கும் போக்குவரத்து வாகனத்துக்கு முதல் எஃப்.சி. 2 வருஷம். அப்புறம் வருஷா வருஷம் என்றிருந்ததை 2018-ல் மாற்றினார்கள். 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, 8 வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒரு முறை.

‘எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நான் வச்சிருக்கிறது சொந்த கார்தானே’ என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். உங்கள் கார், பைக் ஆர்.சி-யின் ஆயுளும் 15 வருஷம்தான். அதற்குப் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தகுதி பார்த்து, 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கூடவே பசுமை வரியும் உண்டு. அலமாரியில் கிடக்கிற ஆர்.சி-யை இன்றைக்கே எடுத்து, தேதியைப் பார்த்துவிடுங்கள்.

எங்கே போய்க் காட்டுவது? ஒரு காலத்தில் இது பெரிய அலைச்சல். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும் வரை கோவில்பட்டிக்காரர்கள் திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். பிறகு தூத்துக்குடியின் டி.என்.69. இப்போது கோவில்பட்டிக்கே தனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், டி.என்.96. பழைய நம்பரைத் திருப்பிப் போட்டது போல் அமைந்துவிட்டது! விண்ணப்பமும் கட்டணமும் ஆன்லைனில் முடிந்துவிடுகிறது. இன்ஷூரன்ஸ், வரி, புகைச் சான்று மூன்றும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது வண்டியின் கையில்.

இனி வருவது அடுத்த அத்தியாயம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழி செய்தார்கள். 2022 ஏப்ரலில் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கும் அறிவிக்கை வந்தது. நாடு முழுக்கப் போதுமான நிலையங்கள் தயாராகாததால் கெடு பல முறை தள்ளிப் போடப்பட்டது. அங்கே சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றிப் பிரேக் போடச் சொல்வார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்று மெஷின் தனித்தனியாக எழுதிக் காட்டும். இடது சக்கரம் பிடித்து வலது சக்கரம் வழுக்குகிறதா, அதுவும் தெரிந்துவிடும். ஹெட்லைட் எங்கே பாய்கிறது, புகை எவ்வளவு கறுப்பு, ஸ்பீடாமீட்டர் பொய் சொல்கிறதா... எல்லாவற்றுக்கும் ஒரு கருவி. பெயின்ட் பளபளப்பு மெஷினின் கண்ணுக்குத் தெரியாது!

நல்லதுதான். ஆனால், சோதனை நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி வரும், கட்டணம் எவ்வளவு, தனியார் கையில் போனால் யாரைக் கேட்பது என்று சின்ன வண்டிக்காரர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொன்று... இரவல் டயரை மெஷினும் ‘நல்ல டயர்’ என்றுதான் சொல்லும். காட்டிவிட்டுக் கழற்றினால் மெஷின் என்ன செய்யும்?

யோசித்துப் பாருங்கள். எஃப்.சி. என்பது ஒரே ஒரு நாளைய போட்டோ. அந்த ஒரு நாள் வண்டி எப்படி இருந்தது என்றுதான் அது சொல்லும். மீதி 364 நாட்களுக்கு? கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, பிரேக்கை மிதித்துப் பார்க்கிற டிரைவர்தான் உண்மையான பிரேக் இன்ஸ்பெக்டர். அவரை அதற்கு விடாமல் ‘சீக்கிரம் எடுப்பா’ என்று விரட்டுகிற முதலாளியும், ‘நேரமாச்சு, கிளப்புங்க’ என்று சத்தம் போடுகிற நாமும் அந்தக் கடையாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருக்கிறோம்.

லாரி, பஸ், ஸ்கூல் வேன் எதிலும் பக்கவாட்டில் பொடி எழுத்தில் எஃப்.சி. முடியும் தேதியை எழுதி வைத்திருப்பார்கள். நாம் படிப்பதில்லை. லாரியின் பின்னால் எழுதியிருக்கிற தத்துவத்தை எல்லாம் ரசித்துப் படிக்கிறோம், உயிர் சம்பந்தப்பட்ட அந்த ஒற்றை வரியை விட்டுவிடுகிறோம். நாளைக் காலையில் பிள்ளையை வேனில் ஏற்றும்போது அதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். தேதி தாண்டியிருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். தேதி சரியாகவே இருந்தாலும், உள்ளே எட்டிப் பார்த்துத் தளத்தை ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். டிரைவர் முறைப்பார்... முறைக்கட்டும்!